எந்தப் புத்தகம் என்று பிள்ளை சொல்லட்டும்

கன்னியாகுமரி மாவட்டத்து வட்டக்கோட்டையின் மதில்மேல் ஏறி நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தென்னையும் தூரத்து மலையும். சனி, ஞாயிறுகளில் குடும்பம் குடும்பமாக ஆட்கள் வருகிறார்கள். பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகளும் வந்து நிற்கும். இறங்கும் பிள்ளைகள் முதலில் கடலைப் பார்த்துச் சத்தம் போடுவார்கள். அது அடங்கியதும் கேள்விகள் வரும். இவ்வளவு பெரிய கல்லை யாரு தூக்கி வச்சா? கல்லுல மீனு எதுக்கு? இங்க சண்டை நடந்துதா? பீரங்கி எங்க?

இந்தக் கேள்விகளுக்கான பதில் ஒரு நாவலுக்குக் காணும். 1741ஆம் ஆண்டு குளச்சலில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றது. அந்தப் படையிலிருந்து சிறைப்பட்ட டிலனாய் என்ற அதிகாரி, பிறகு அதே மன்னரின் படையில் சேர்ந்து, திருவிதாங்கூர் வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, தளபதியாகி, ‘வலிய கப்பித்தான்’ என்று பெயரும் வாங்கினார். வட்டக்கோட்டையை இன்றைய கருங்கல் கோட்டையாக எழுப்பியது அவர் காலத்தில்தான். 1777இல் இறந்தவரின் கல்லறை, புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. தன்னைத் தோற்கடித்த அரசனுக்கே கோட்டை கட்டிக்கொடுத்த ஒருவனின் கதையைப் பன்னிரண்டு வயதுப் பையனிடம் சொல்லிப் பாருங்கள். அடுத்து என்ன ஆச்சு என்று கேட்காமல் விடமாட்டான். அந்தக் கேள்வி சூடாக இருக்கும்போது கையில் கொடுக்க ஒரு புத்தகம் நம்மிடம் இருப்பதில்லை. பேருந்து விசில் அடித்ததும் கேள்வியும் ஏறிப் போய்விடுகிறது. திங்கட்கிழமை வகுப்பில் ‘குளச்சல் போர் எந்த ஆண்டு நடைபெற்றது?’ என்று நாம் அவனைக் கேட்போம்.

புத்தகத்தைத் தொடவே மாட்டேன் என்கிறான் என்று வீட்டில் புகார் சொல்லப்படுகிற பையனும் இவன்தான்.

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவுடன் தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் நின்ற மாவட்டம் இது. அன்றைக்கு மாநில அளவு 80 சதவீதம். அதனால் இங்கே பெரும்பாலான வீடுகளில் பிரச்சினை எழுத்துக் கூட்டத் தெரியாதது அல்ல. பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும், வாசிக்க மனம் இல்லை. தேர்வு முடிந்த அன்றைக்குப் பாடப்புத்தகம் பழைய பேப்பர்காரருக்குப் போகிறது. அதற்குப் பிறகு கதையோ, பயணமோ, பூச்சியைப் பற்றியோ ராக்கெட்டைப் பற்றியோ ஒரு பக்கமும் தானாகப் புரட்டாமல் கல்லூரி முடித்து வேலைக்கும் போய்விடுகிறவர்கள் ஏராளம்.

ஃபோன்தான் காரணம் என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். ஃபோன் பிள்ளைகளை ஏன் இப்படிப் பிடித்து வைக்கிறது என்று யோசித்தால் நமக்குத்தான் சங்கடம். அதில் என்ன பார்ப்பது என்பதைப் பிள்ளையே முடிவு செய்கிறது. பிடிக்காவிட்டால் மூன்றாவது நொடியில் தள்ளிவிடலாம். பிடித்ததைப் பத்து தடவை பார்க்கலாம். முடிந்ததும் ‘இந்த வீடியோவில் இருந்து நீ அறிந்த நீதி என்ன?’ என்று யாரும் கேட்பதில்லை. புத்தகத்தின் விஷயத்தில் இந்த உரிமைகள் எல்லாவற்றையும் பறித்து வைத்துக்கொண்டு, பிள்ளை ஃபோனிடம் போகிறதே என்று வருந்துகிறோம்.

புத்தகத் திருவிழாக்களில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் காட்சி ஒன்று உண்டு. இப்போது மாவட்டந்தோறும் நடக்கின்றன; நல்ல காரியம். கடை முன்னால் ஒரு பையன். கையில் அட்டையில் எலும்புக்கூடு போட்ட புத்தகம்.

“அப்பா, இது வேணும்.”

“பேய்க் கதையா? வை மக்ளே அதை. பொது அறிவு எடு, நாளைக்குப் பயன்படும்.”

பொது அறிவு வாங்கப்படும். பையில் போகும். வீட்டு அலமாரியில் ஏறும். அங்கேயே இருக்கும். அப்பா கெட்டவர் இல்லை. கூலி வேலைக்குப் போய்ச் சேர்த்த காசாக இருக்கலாம், அது வீணாகக் கூடாது என்று நினைக்கிறார். ஆனால் வீணான புத்தகம் எது? ஒரே இரவில் போர்வைக்குள் வாசித்து முடிக்கப்பட்டிருக்கக்கூடிய எலும்புக்கூடா, தூசி படியப் போகும் பொது அறிவா? பள்ளி ஆண்டுவிழாப் பரிசுகளும் இப்படித்தான். ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்தவளுக்கும் கோலப் போட்டியில் வென்றவளுக்கும் ஒரே திருக்குறள் உரை. குறள் பெரிய நூல். பிள்ளை கேட்டு வாங்கியது அல்ல என்பதே குறை.

நூலகத்துக்கு விதி எழுதிய தமிழர்

இதை நம் ஆள் ஒருவர் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே தெளிவாக எழுதி வைத்துவிட்டார். சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் இருக்கிறது என்கிறது. மூன்றாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் இருக்கிறார் என்கிறது. அவர் கணித ஆசிரியராக இருந்து நூலகராக ஆனவர். நல்ல புத்தகம், மட்டமான புத்தகம் என்று பிரிப்பதில் அந்த விதிகள் நேரத்தைச் செலவிடவில்லை. ஆளையும் புத்தகத்தையும் சந்திக்க வைப்பதே நூலகரின் வேலை என்று பார்த்தார். அதே 1931 அக்டோபரில் மன்னார்குடியில் ஒரு மாட்டுவண்டி நூலகத்தைத் தொடங்கிவைத்தார். புத்தகம் ஏற்றிய வண்டி கிராமம் கிராமமாகப் போனது. வாசகன் வரவில்லை என்றால் புத்தகம் போகட்டும் என்ற எண்ணம் அது.

இந்த மாவட்டத்துக்கு இன்னொரு பரம்பரையும் உண்டு. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியின் கீழ் இருந்தவை. அந்தத் திருவிதாங்கூரில்தான் 1945இல் பி.என்.பணிக்கர் அம்பலப்புழையில் 47 வாசகசாலைகளைக் கூட்டி ஒரு சங்கம் கண்டார். கேரளம் முழுவதும் ஊருக்கு ஊர் நூலகம் என்று அது வளர்ந்த கதை உலகறிந்தது; 1975இல் யுனெஸ்கோ அதற்கு விருது கொடுத்தது. பணிக்கர் மறைந்த ஜூன் 19 அங்கே வாசிப்பு நாள். எல்லை பிரிந்தபோது நாம் தமிழகத்துக்கு வந்தது நியாயமான விருப்பம், போராடிப் பெற்றது. அந்த வாசகசாலைப் பழக்கத்தையும் கையோடு கொண்டு வந்திருக்கலாம் என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

பள்ளியில் தமிழ் படிக்காத இரண்டு பேர்

நாகர்கோவிலில் வளர்ந்த சுந்தர ராமசாமியை எடுத்துக்கொள்ளுங்கள். 1931இல் பிறந்தவர். சிறு வயதிலேயே மூட்டுநோய் பிடித்துக்கொண்டு பள்ளிப் படிப்பைக் குலைத்தது. பள்ளியில் இருந்தது மலையாளமும் ஆங்கிலமும் சமஸ்கிருதமும். தமிழ் எழுதப் படிக்க அவர் கற்றுக்கொண்டது ஏறக்குறைய பதினெட்டு வயதில், தானாக. யாரும் பாடமாக வைக்காத புதுமைப்பித்தன் கதைகள் அவரைப் பிடித்து உலுக்கின. 1951இல், இருபது வயதில், புதுமைப்பித்தனுக்கு ஒரு நினைவு மலர் கொண்டுவந்தார். அவருடைய முதல் கதையும் அதில் வந்தது. அந்த ஆள் 1966இல் ‘ஒரு புளியமரத்தின் கதை’யைத் தந்தார். இன்றைய அளவுகோலில் பதினைந்து வயதில் அவரைச் சோதித்திருந்தால் தமிழ் வாசிக்கத் தெரியாத மாணவன் என்று அறிக்கை வந்திருக்கும்.

தேங்காய்ப்பட்டணத்துத் தோப்பில் முகமது மீரான் மலையாளத்தில் படித்தவர். தமிழை மலையாள எழுத்தில் எழுதுவார். பிறகு அது தமிழ் எழுத்துக்கு மாற்றப்படும். வற்றல் மிளகாய் வியாபாரம் செய்துகொண்டே எழுதினார். ‘சாய்வு நாற்காலி’க்கு 1997இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. தமிழ் எழுத்தே கைவராத நிலையிலும் கதைமேல் இருந்த ஆசை அவரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

எல்லாப் பிள்ளைகளும் எழுத்தாளர் ஆவார்கள் என்று சொல்ல இவர்களை இழுக்கவில்லை. வாசிப்பு தாமதமாகவும் வரலாம், பாடத்திட்டத்துக்கு வெளியே இருந்தும் வரலாம், எந்த வழியாக வேண்டுமானாலும் நுழையலாம் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. எட்டாம் வகுப்பில் வாசிப்பை வெறுக்கிற பிள்ளையை இனி ஒன்றும் செய்ய முடியாது என்று கைவிடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

தமிழில் முந்தைய தலைமுறை வாசிக்கக் கற்றதும் பெரும்பாலும் தான் விரும்பி எடுத்ததைக் கொண்டுதான். ‘அம்புலிமாமா’ 1947இல் வந்தது. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யுடன் இறங்கியது. கணக்கு நோட்டுக்குள் மறைத்து வைத்து வாசித்து அடி வாங்கிய பையன்கள் இன்று அறுபதைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் பலர் இன்றும் வாசிக்கிறார்கள். பெண்கள் பக்கம் பார்த்தால் தொடர்கதை. கல்கியில் 1950 முதல் 1954 வரை வந்த ‘பொன்னியின் செல்வன்’ பக்கங்களைக் கிழித்துத் தைத்துப் பைண்டு செய்து வைத்த அத்தைகளும் ஆச்சிகளும் எந்த வகுப்பு வரை படித்தவர்கள்? ஐந்தாம் வகுப்பு தாண்டாதவர்கள் எத்தனையோ பேர். வாரா வாரம் காத்திருந்து, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி, அடுப்படியில் உட்கார்ந்து ஐந்து பாகங்களையும் வாசித்தார்கள். அவர்களுக்கு வாசிப்புத் திறன் வளர்க்க யாரும் பயிற்சி முகாம் நடத்தவில்லை.

அமெரிக்க மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் 1993இல் வெளியிட்ட ‘தி பவர் ஆஃப் ரீடிங்’ புத்தகத்தில் ஆய்வுகளைத் தொகுத்துக்கொண்டு இதையே வாதிட்டார். தான் தேர்ந்தெடுத்ததைத் தன் விருப்பத்துக்கு வாசிக்கிற பிள்ளைக்குச் சொல்வளமும் எழுத்துப்பிழையில்லா எழுத்தும் கூடவே வந்து சேர்கின்றன என்பது அவர் கட்சி. காமிக்ஸையும் அவர் ஒதுக்கவில்லை. அதற்கு ஓராண்டு முன்பு பிரான்சில் டேனியல் பென்னாக் என்ற ஆசிரியர், வாசகனின் பத்து உரிமைகள் என்று ஒரு பட்டியல் போட்டார். முதல் உரிமையே வாசிக்காமல் இருக்கும் உரிமை. பக்கங்களைத் தாண்டிப் போகலாம், பாதியில் மூடலாம், வாசித்ததையே மறுபடி வாசிக்கலாம், என்ன வாசித்தோம் என்று யாரிடமும் சொல்லாமலும் இருக்கலாம். பெரியவர்கள் இந்த உரிமைகளை எல்லாம் தினமும் அனுபவிக்கிறோம். பிள்ளைகளுக்கு மட்டும் எடுத்த புத்தகத்தை முடிக்காவிட்டால் குற்றம்.

ஜப்பானில் இருந்து வருகிற உதாரணம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. 1988இல் சிபா மாகாணத்தில் பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஹயாஷி ஹிரோஷி என்ற ஆசிரியர் காலை வகுப்புக்கு முன் பத்து நிமிடத்தை வாசிப்புக்கு ஒதுக்கினார். அதற்கு நான்கே நிபந்தனை: ஆசிரியரும் சேர்த்து எல்லோரும் செய்ய வேண்டும், தினமும் செய்ய வேண்டும், பிடித்த புத்தகம் எதுவானாலும் சரி, சும்மா வாசித்தால் போதும். கட்டுரை கிடையாது, குறிப்பேடு கிடையாது, மதிப்பெண் கிடையாது. அந்தப் பத்து நிமிடம் ஜப்பான் முழுக்க ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. இதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை. அஞ்சுகிராமத்திலும் கொட்டாரத்திலும் லீபுரத்திலும் எந்தப் பள்ளியும் நாளைக் காலையிலேயே தொடங்கலாம். ஒரே சிரமம் நான்காவது நிபந்தனை. பிள்ளை சும்மா வாசிப்பதைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் கேட்காமல் இருப்பது நமக்குக் கஷ்டம்.

நுழை, நட, ஓடு, பற

தமிழக அரசும் சும்மா இல்லை. 2022 முதல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்கள் வருகின்றன. 2023இல் பள்ளிக் கல்வித்துறை வாசிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. மெல்லிய, படம் நிறைந்த சின்னச் சின்னப் புத்தகங்கள். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகள். பெயரே அழகு. பருமனான புத்தகத்தைக் கண்டு மிரளும் பிள்ளைக்கு, ஒரே மூச்சில் முடித்துவிட்டேன் என்று சொல்லும் சந்தோஷத்தைக் கொடுக்கும் புத்தகங்கள் அவை. முடித்தேன் என்ற அந்த நிறைவு இல்லாமல் இரண்டாவது புத்தகம் கைக்கு வராது.

எனக்கு இதில் ஒரு கவலை மட்டும். ஒன்பதாம் வகுப்புப் பையன் ‘நுழை’ புத்தகம் எடுத்தால் பின்வரிசை சிரிக்கும். அவனுக்குப் புரிவது அதுதான் என்றாலும் வெட்கப்பட்டு ‘பற’வை எடுப்பான், வாசிக்காமல் வைத்துவிடுவான். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பறக்க ஆசைப்பட்டு, உனக்கு இன்னும் அந்தப் படி வரவில்லை என்று தடுக்கப்படவும் கூடும். படிகள் ஆசிரியருக்கு வழிகாட்ட வந்தவை. பிள்ளை முன்னால் நான்கையும் கலந்து பரப்பிவிட்டு, எதை எடுக்கிறது என்று ஆசிரியர் கவனித்தால் போதும். வாசித்ததை நடித்துக் காட்டு, கதையை மாற்றிச் சொல் என்று போட்டி வைப்பது கூச்சமில்லாத பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். கூச்சப்படும் பிள்ளைக்கு அந்த மேடையே புத்தகத்தை வெறுக்கக் காரணமாகிவிடும்.

எழுத்துக் கூட்டுவதிலேயே களைத்துப்போகும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களை மறந்துவிட்டு ‘நீயே எடுத்துப் படி’ என்பது கைகழுவுவதாகும். அவர்களுக்குக் காது வழியாகக் கதை போக வேண்டும். இதில் வட்டக்கோட்டைச் சுற்றுவட்டாரத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்துச் சாமித்தோப்பில் அய்யா வைகுண்டரின் தலைமைப்பதி. 1841இல் எழுதப்பட்ட அகிலத்திரட்டு அம்மானையைக் கார்த்திகை மாதத்தில் 17 நாள் வாசிக்கும் திருஏடு வாசிப்பு அங்கே நடக்கிறது. ஊர்களில் உள்ள நிழல் தாங்கல்களிலும் வாசிப்பார்கள். ஒருவர் ராகத்தோடு வாசிக்க, மற்றவர்கள் உட்கார்ந்து கேட்பார்கள். திருக்கல்யாண ஏடு, பட்டாபிஷேக ஏடு வாசிக்கும் நாளில் கூட்டம் இரட்டிக்கும். எழுத்து தெரியாத தலைமுறைகள் ஒரு பெரிய நூலை வரி வரியாக அறிந்துவைத்திருந்தது இப்படித்தான். கொடைவிழாவில் விடிய விடிய வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த மண் இது. குடத்தில் அடி விழும்போது தூங்கி வழிந்த பிள்ளையும் நிமிர்ந்து உட்காரும்.

வீட்டில் இதைச் செய்ய ராகம் தேவையில்லை. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பாட்டாவோ ஆச்சியோ அம்மாவோ கால் மணி நேரம் உரக்க வாசிக்கலாம். பிள்ளை எடுத்துக்கொடுத்த புத்தகத்தை வாசிக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம். டைனோசர் என்றால் டைனோசர். விறுவிறுப்பான இடத்தில் நிறுத்தி, “மீதி நாளைக்கு மக்ளே” என்று புத்தகத்தைத் திறந்தபடியே கட்டிலில் வைத்துவிட்டுப் போய்விடலாம். அது வாசிக்கத் திணறும் பிள்ளையாகவே இருந்தாலும், அடுத்து என்ன என்று அறிய ஒரு பக்கமாவது தானே தடவித் தடவி வாசித்துப் பார்க்கும்.

பெரியவர்களிலும் வாசிக்க மறுப்பவர்கள் உண்டு. தூத்துக்குடியில் பொன்மாரியப்பன் தன் சலூனில் ஒரு நூலகம் வைத்திருக்கிறார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்த வேண்டிவந்தவர். முறை வரும்வரை காத்திருக்கிறவர்கள் ஃபோனை வைத்துவிட்டு அலமாரியில் இருந்து ஒன்றை எடுத்து வாசித்தால் முடிவெட்டும் கட்டணத்தில் சலுகை தருகிறார். 2020 அக்டோபரில் பிரதமர் வானொலியில் அவரிடம் தமிழிலேயே பேசி இதை நாடறியச் செய்தார். அவர் செய்தது எவ்வளவு நுட்பமானது என்று பாருங்கள். ஒரு மனிதன் வேறு வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் இடத்தில், கைக்கு எட்டும் உயரத்தில், அவனே எடுக்கும்படி புத்தகத்தை வைத்தார். இந்த மாவட்டத்தில் மனிதர்கள் காத்திருக்கும் இடங்களுக்குப் பஞ்சமா? சின்னமுட்டம் துறைமுகத்தில் படகுக்குக் காத்திருக்கிறார்கள், ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்திருக்கிறார்கள், ரேஷன் கடையில் காத்திருக்கிறார்கள்.

எந்தப் புத்தகத்தை வைப்பது என்பதில் மட்டும் உள்ளூர்ப் பெருமை குறுக்கே வந்துவிடக் கூடாது. தேரூரில் பிறந்த கவிமணியின் குழந்தைப் பாடல்கள், ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’, பொன்னீலன், நாஞ்சில் நாடன் என்று இவ்வளவு சிறிய நிலப்பரப்புக்கு இவ்வளவு எழுத்தாளர்கள் என்பது நமக்குக் கிடைத்த வரம். தன் வீட்டில் பேசும் பேச்சை அச்சில் பார்க்கும் பிள்ளைக்குக் கிடைக்கும் உற்சாகம் தனி. ஆனாலும் அவர்களையும் அலமாரியில் மற்றவர்களோடு நிறுத்திவைத்தால் போதும். மோட்டார் பைக் புத்தகத்தையோ கிரிக்கெட் வீரரின் வாழ்க்கையையோ எடுக்கும் பிள்ளையின் கையைப் பிடித்துப் ‘புத்தம் வீடு’ பக்கம் திருப்ப வேண்டாம். பதினெட்டு வயதில் அவளாக வருவாள். வராமலும் போகலாம். அதுவும் அவள் விருப்பம்.

புத்தகத்துக்குக் காசு எங்கே என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. நீங்கள் கட்டும் சொத்துவரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாகப் போகிறது. சென்னை மாகாணம் 1948இல் நாட்டுக்கே முன்னோடியாகக் கொண்டுவந்த பொது நூலகச் சட்டம் போட்ட வழி இது. 2006இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் 12,618 ஊராட்சிகளுக்கும் நூலகம் என்று கட்டினார்கள். பல ஊர்களில் அந்தக் கட்டிடம் பூட்டிக் கிடக்கிறது. சாவி யாரிடம் என்பதைக் கிராமசபையில் கேட்கலாம், கேட்க வேண்டும். கிளை நூலகங்களில் வாசகர் வட்டம் இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஆர்வமாக நடத்துகிறார்கள். அடுத்த கூட்டத்தில் ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரை உட்காரவைத்து, உங்களுக்கு என்ன புத்தகம் வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பேய்க் கதை என்று சொன்னால் பேய்க் கதை என்றே எழுதட்டும்.

உங்கள் பிள்ளையை அழைத்துக்கொண்டு நூலகத்துக்குப் போங்கள். அதன் பெயரிலேயே உறுப்பினர் அட்டை போடுங்கள். அலமாரிகளுக்கு நடுவே பிள்ளை மட்டும் போகட்டும். நீங்கள் வாசலில் நாளிதழ் மேசைக்குப் போய் அன்றைய பேப்பரைப் பார்த்துக்கொண்டிருங்கள். எவ்வளவு நேரமானாலும் என்ன எடுத்தாய் என்று எட்டிப் பார்க்காதீர்கள்.